நோயே இல்லாத லைன்

டாக்டர் ஓங் என் ஃபாரங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒரு கோப்பிக் குவளை. ஒன்றில் பாதிக் கோப்பி மிச்சம் இருந்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதைவிட, அந்தக் குவளை சாய்ந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. இரண்டு மாத உழைப்பு அல்லவா?

வழக்கமாக என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டுவார். அன்று காட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கூலிக்காரர் லைன் முழுக்க நாலைந்து வீடுகளைத் தவிர வேறு எங்கும் ஒருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி என்று கேட்டார். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன்.

குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"மிஸ் வேணி, இந்த வீடுகளுக்கு நீங்கள் போனீர்களா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என் வாய்க்கு வார்த்தை பஞ்சமாகிப் போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கோப்பிக் கடை வேலை

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைத் திறப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம். எந்த வருஷம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியரும் கேட்டார். அவருக்கே நான் சொல்லவில்லை.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில், சின்னதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கீழே மல்லி மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் எல்லாரும் தும்முவோம். அங்கே எனக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. கையில் அட்டை, அதில் ஃபாரம், தோளில் குடை. புடவையில் குடையும் அட்டையுமாக நடப்பதைப் பார்த்து, ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தவர்கள் உண்டு.

டாக்டர் ஓங் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். ஊசி போடும் டாக்டர் அல்ல, பொருளாதாரத்தில் டாக்டர். லைனில் இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டர் அனுப்பினார் என்றதும் நாக்கை நீட்டிக் காட்டிய பெரியவர் ஒருவர் உண்டு.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். தினக்கூலிக்காரர்களுக்கு என்று ஒரு நிதி. முதலாளி கொஞ்சம் போடுவார், தொழிலாளி கொஞ்சம் போடுவார். தொழிலாளி படுத்துவிட்டால் பாதிக் கூலியும் மருந்தும் அதிலிருந்து கிடைக்கும். இன்றைக்கு இன்சூரன்ஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்கு அது கப்பலில் வந்த புதுச் சரக்கு. ஊர் முழுக்கத் தொடங்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் மூன்று இடங்களில் கணக்கெடுத்து, தேவை அதிகமுள்ள இரண்டு இடங்களில் மட்டும் முதலில் தொடங்கிப் பார்ப்பது என்று ஒரு குழு முடிவு செய்திருந்தது.

மூன்றில் ஒன்று கேலாங் பக்கம் சீனர்களின் பலகை வீட்டுக் கம்பம், அதாவது கிராமம். அது சூ லானுக்கு. இன்னொன்று மலாய்க் கம்பம், அதற்கு ஹமீது என்ற இளைஞர். மூன்றாவது ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் நம் ஆட்கள் இருந்த லைன். சாலை போடுகிறவர்களும் சாக்கடை வெட்டுகிறவர்களும் குடும்பத்தோடு இருந்த வரிசை வீடுகள். அது எனக்கு.

சூ லான் கொண்டுவந்த ஃபாரங்களில் இருமல், வாதம், வயிற்றுவலி என்று இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. ஹமீதுடையதிலும் அப்படித்தான். என்னுடையதில் மட்டும் எல்லாரும் சௌக்கியம். வீடுகளுக்குப் போகாமல் கோப்பிக் கடையில் உட்கார்ந்து தானே நிரப்பிக்கொள்கிற சோம்பேறிகளும் இந்தத் தொழிலில் உண்டு. டாக்டர் ஓங் என்னை அப்படி நினைத்துவிட்டார்.

அவர் நினைத்தது என் மானப் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று மேசைமேல் கிடந்தது. இந்த ஃபாரங்கள் இப்படியே குழுவுக்குப் போனால், லைனில் நோயே இல்லை, நிதியும் தேவையில்லை என்று எங்கள் ஆட்களின் பெயரை அடித்துவிடுவார்கள். குழு கூடுவதற்கு நாலு வாரம்தான் இருந்தது.

அம்மாவின் காய்ச்சல்

நான் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதினேன். ஆனால் அதே லைனில் மூலைக்கு மூலை தைல வாசனை அடித்ததும் எனக்குத் தெரியும். மூக்குக்குத் தெரிந்தது ஏன் காதுக்கு வரவில்லை என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் முழுக்கப் போர்த்திக்கொண்டு முனகினாள். சாயங்காலம் எப்படியோ எழுந்து முகம் கழுவி விளக்கேற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராஜம் அக்கா படியேறி வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அம்மா சிரித்தாள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

அக்கா போனதும் ஏனம்மா மறைத்தாய் என்று கேட்டேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"வெளக்கு வச்ச நேரத்துல, காய்ச்சல் கீய்ச்சல்னு வாயில வரலாமா? இந்த வீட்டுல நீ கத்துக்கிட்டது இவ்ளோதானா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே அம்மா, அதே ராஜம் அக்கா வீட்டு வாசலில் நின்று, எப்போது குளிர் ஏறியது, எப்போது வேர்த்தது, கஷாயத்தில் எத்தனை மிளகு போட்டாள் என்று அரை மணி நேரம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிய கால் ஒன்றும் மாட்டாத கால் ஒன்றுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

டாக்டர் ஓங் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த விதிகளில் முதல் விதி, குடும்பத் தலைவர் வீட்டில் இருக்கும் நேரமாக, மாலை ஆறிலிருந்து ஏழரைக்குள் போக வேண்டும் என்பது. நான் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவள். விதி என்றால் விதிதான். இரண்டு மாதமாக, விளக்கு வைத்த நேரம் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டிருக்கிறேன்! அடித்து விரட்டாமல், எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி அனுப்பிய அவர்கள் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது?

இதை ஒரு சீனரோ வெள்ளைக்காரரோ செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அதே வழக்கத்தில் பிறந்தவள். என் வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு ஊசி நூல் எடுக்கமாட்டோம், வெள்ளிக்கிழமை அழமாட்டோம். கூடவே இருப்பதால் அது என் கண்ணிலேயே படவில்லை. ஹமீதைக் கேட்டேன். அவர் சிரித்தார். அது மக்ரிப் தொழுகை நேரம், அப்போது யார் போவார்கள், நான் முதல் நாளே விதியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் காலையில்தான் போகிறேன் என்றார். இந்தப் புத்திசாலித்தனத்தை என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குழாயடி

மறுபடி லைனுக்குப் போனேன். இந்தத் தடவை காலை பத்து மணிக்கு. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பொதுக் குழாயடியில் இருந்தார்கள். கேள்வியையும் மாற்றினேன். நோய் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

லைனில் விடிகாலையில் மண்டோர், அதாவது மேஸ்திரி, பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் குரல் கொடுக்காதவனுக்கு அன்று கூலி இல்லை. அதனால் எந்த மனைவியும் அந்த நாட்களை மறக்கமாட்டாள். போன மாதம் உங்கள் வீட்டுக்காரர் எத்தனை நாள் பெரட்டுக்குப் போகவில்லை என்று கேட்டேன். அவ்வளவுதான். குழாயை மூடக்கூட நேரமில்லாமல் பதில் வந்தது. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அங்கேதான் அஞ்சலையை மறுபடி பார்த்தேன். வரிசையில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு. முதல் தடவை நான் போனபோது அவள் கணவர் வீராசாமி விரிப்பில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லாரும் சுகம் என்று சொன்னார். அப்போது அவர் காலில், மண்வெட்டி வெட்டிய புண் எலும்பு தெரிய இருந்திருக்கிறது. போர்வையைப் போட்டு மூடியிருந்தார். மூன்று வாரம் பெரட்டுக்குப் போகவில்லையாம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

"சாமி வெளக்கு எரியுது, கையில காகிதத்தோட வந்து நிக்கிறே. அப்ப போயி காலு அழுகுதுன்னா சொல்லுவாங்க? நீயும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே, உனக்கே தெரிய வேணாமா?" என்றாள் அஞ்சலை.

தெரிந்திருக்க வேண்டும்தான். தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

வீராசாமி படுத்ததும் அஞ்சலை தேக்கா சந்தையில் வெங்காயம் உரிக்கப் போக ஆரம்பித்திருந்தாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? மூத்த பெண் மல்லிகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வயது. இங்கிலீஷ் பள்ளியில் வகுப்பில் இரண்டாவதாக வருகிறவள். ஆசிரியை இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டாராம். கால் ஆறினதும் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கால் ஆறியது, ஆனால் அதற்குள் விட்டுப்போன பாடமும் பாக்கி விழுந்த வாடகையும் சேர்ந்துகொண்டன.

மல்லிகா இடுப்பில் தம்பியோடு என் எதிரே நின்று ஃபாரத்தைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூலுன்னு இருக்கிற எடத்துல கோடு போட்டுட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அந்தக் கோட்டைப் போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சூ லான் போன வழி

இரண்டு வாரத்தில் எல்லா வீடுகளையும் முடித்து, புது ஃபாரங்களோடு டாக்டர் ஓங் முன்னால் போய் நின்றேன். விளக்குச் சமாசாரத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, முன்பு ஒரு வீட்டில் நோய் இல்லை என்றீர்கள், இப்போது அதே வீட்டில் இருக்கிறது என்கிறீர்கள், எதை நம்புவது என்றார்.

அன்றைக்கு எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். இன்றைக்குச் சொல்கிறேன், அவர் கேட்டது முழுக்க நியாயம். முதல் தடவை தப்பு செய்தவள் இரண்டாம் தடவை சரி செய்தேன் என்றால், அதற்குச் சாட்சி யார்? நான் மட்டும்தான்.

அவரே ஒரு வழி சொன்னார். சூ லான் அதே லைனுக்குப் போவாள். நான் எழுதியதை அவள் பார்க்கக் கூடாது. நான் அவளிடம் பேசக் கூடாது. அவள் கேட்டு வருவதும் நான் எழுதியதும் வீட்டுக்கு வீடு பொருந்தினால் அவர் நம்புவார், பொருந்தாவிட்டால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

சூ லானுக்குத் தமிழில் வணக்கம் என்ற ஒரு சொல்தான் தெரியும். அதையும் அவள் சொன்னால் வடகம் என்றுதான் கேட்கும். ஆனால் பசார் மலாய் பிய்த்து உதறுவாள். லைன் பெண்களும் அந்தச் சந்தை மலாய் பேசுகிறவர்கள்தான். நாலு நாள் அவள் வெயிலில் அலைந்தாள், நான் மாடியில் தட்டெழுத்து அடித்தேன். எதிரெதிர் மேசை. ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் எனக்கு ஒரு பொட்டலம் ரோஜாக் வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அது நல்ல சேதியா, கடைசி விருந்தா என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் டாக்டர் ஓங் இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். ஒரு வீட்டைப் பார்ப்பார், ஒரு குறி போடுவார். நான் சுவரோரமாக நின்றேன். கீழே மிளகாய் மூட்டை பிரித்தார்கள். ஆள் மாற்றி ஆள் தும்மினோம். அவர் மட்டும் தும்மலுக்கு நடுவிலும் குறி போட்டுக்கொண்டே போனார். ஒரு வீட்டில் நான் நாலு நாள் என்று எழுதியிருந்தேன், சூ லான் ஐந்து என்று எழுதியிருந்தாள். இன்னும் சில வீடுகளில் அப்படி ஒன்று இரண்டு முன்பின். மற்றதெல்லாம் அச்சு மாறாமல் பொருந்தியது.

கடைசித் தாளைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும், "தப்பு விதி எழுதியது நான், மிஸ் வேணி. மன்னிக்க வேண்டும்" என்றார். சூ லான் மேசைக்குப் பின்னாலிருந்து கைதட்டினாள்.

எத்தனையோ பேர் என்னிடம் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், என் கணவர் உட்பட. அதைப் போல இனித்தது எதுவும் இல்லை.

இரண்டு குவியல்

அதோடு விட்டிருந்தாலும் லைன் பிழைத்திருக்கும், இந்தக் கதையும் முடிந்திருக்கும். மல்லிகா தலைகீழாகப் படித்த அந்த ஃபாரம்தான் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூ லானை வீட்டுக்கு வரச்சொல்லி, டாக்டர் ஓங்கின் அனுமதியோடு எடுத்துவந்த ஃபாரங்களைக் கூடத்தில் பாயை விரித்துப் பிரித்தோம். அப்பா நிறைய நாள் பெரட்டுக்குப் போகாத வீடுகள் இடப்பக்கம். நாள் தவறாமல் போன வீடுகள் வலப்பக்கம். பிறகு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்ற கேள்விக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். பையன்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மூத்த பெண்கள்தான் வேறு. வலப்பக்கத்தில் பெரும்பாலும் பள்ளியில் இருந்தார்கள். இடப்பக்கத்தில் கோடு, கோடு, கோடு. சூ லான் விரலை எடுத்துவிட்டு, "ஐயோ, வேணி" என்றாள். தமிழில் அவளுடைய இரண்டாவது சொல் அது.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் மஞ்சள்காமாலை ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது மாதச் சம்பள எழுத்தர். எம்.சி. என்ற மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தார், சம்பளம் வந்தது. அம்மா வேலைக்குப் போகவில்லை, நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. நான் கெட்டிக்காரி, அதனால் படித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பா முற்போக்கானவர் என்று ஊரிலும் பேச்சு. மல்லிகா என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது அப்பாவுடைய மாதச் சம்பளம் மட்டும்தான். பாயில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். சூ லானுக்குக் காரணம் புரியவில்லை. இருந்தாலும் கூட அழுதாள்.

நடுவே ஒரு சுவர்

குழு கூடிய அறையில் நீளமான மேசை, ஐந்தாறு பேர், எல்லாரும் கழுத்துப்பட்டை. டாக்டர் ஓங் என்னைக் கூட்டிப் போனதே ஃபாரங்களைத் தூக்கிவர என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். லைன் பற்றிய பகுதி வந்ததும் அவர் தன் தவற்றைத் தானே சொன்னார். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு வந்ததையும் சொன்னார். பிறகு, மிச்சத்தை மிஸ் வேணி சொல்வார் என்று உட்கார்ந்துவிட்டார். முன்கூட்டி ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை.

எழுந்தேன். பள்ளியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயினவோ. இரண்டு குவியலைப் பற்றிச் சொன்னேன். கூலி நிற்கும் வீட்டில் முதலில் நிற்பது பெண்ணின் படிப்பு என்று சொன்னேன். மருந்துக்காக என்று நீங்கள் தொடங்கப்போகும் நிதி, பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன்.

மேசைக் கோடியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல, இந்த ஊரில் நெடுநாள் இருந்தவர். அந்தத் தெம்பில்தான் பேசினார். இந்தியர்கள் பெண் வயதுக்கு வரும் சமயத்தில் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அது அவர்கள் வழக்கம், நோய்க்கும் கூலிக்கும் அதில் சம்பந்தம் இல்லை, எத்தனை நிதி வைத்தாலும் மாறாது என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

எனக்குப் பயம் விட்டுப்போனது. கோபம் வந்தால் எனக்கு எப்போதும் இங்கிலீஷ் நன்றாக வரும்.

"ஐயா, இந்த இரண்டு குவியலும் ஒரே லைன். ஒரே கோயிலுக்குப் போகிறார்கள். ஒரே வயதுப் பெண்கள். வழக்கம் என்றால் இரண்டு பக்கமும் நின்றிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா படுத்துவிட்டார்."

அந்த அதிகாரி ஃபாரங்களைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். இரண்டு கட்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். என்னை நிற்கவைத்துவிட்டு அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மறுபடி இடப்பக்கம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தான் சொன்னது தவறு என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். அது மட்டுமா? இரண்டு இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது, மூன்றிலும் தொடங்கலாமே என்று அவரே கேட்டார். எந்தக் கம்பமும் விட்டுப்போகாமல் மூன்றுக்கும் அன்றே ஒப்புதல் கிடைத்தது.

வெளியே வந்ததும் டாக்டர் ஓங், அடுத்த சுற்றுக் கேள்விகளை நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதினேன். அடுத்த முப்பது வருஷம் எத்தனையோ கணக்கெடுப்புகளுக்குக் கேள்வி எழுதினேன். அன்று பஸ் ஏறாமல் சிராங்கூன் ரோடு நெடுக நடந்தே வீட்டுக்கு வந்தேன். பூக்கடைக்காரர், பால்காரர் என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த சுற்று

நிதி தொடங்கி ஒரு வருஷம் கழித்து மறுபடி லைனுக்குப் போனேன். காலை நேரம். அஞ்சலை வீட்டு வாசலில் வீராசாமியே உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, மார்பில் தைலம். இருமல் நெஞ்சில் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாராம். எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டு, அட்டையைப் பிரித்தேன். போன மாதம் எத்தனை நாள் பெரட்டுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"பதினோரு நாளு, தாயி."

எழுதினேன். அடுத்தது மூத்த பிள்ளை. கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் அஞ்சலை இருந்தாள், வேறு யாரும் இல்லை. மல்லிகா எங்கே என்று கேட்டேன்.

"இந்நேரத்துல எங்க இருப்பா? ஸ்கூல்லதான்" என்றார் வீராசாமி, இதென்ன கேள்வி என்கிற மாதிரி. நிதி தொடங்கியதும் மறுபடி சேர்த்தார்களாம், இந்தத் தடவை பாதிக் கூலி வருவதால் நிறுத்தவில்லையாம்.

பதினோரு நாள், அதற்குக் கீழே பள்ளிக்கூடம். அந்த இரண்டையும் ஒரே ஃபாரத்தில், ஒரு மூத்த பெண்ணுக்கு நேரே, அதற்கு முன் நான் எழுதியதே இல்லை. கோணலாகிவிடக் கூடாது என்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பெயரை முழுசாக, நிறுத்தி எழுதினேன்.